ஒதுக்கப்பட்ட பாத்திரங்களும் வாசகர் உளப்பாங்கும் – ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய வரலாறு என நாம் பயின்று வந்திருப்பது பெரும்பாலும் ஆக்கியோரின் வரலாறும் ஆக்கங்களின் வரலாறுமேயாகும். ஒரு நூல் எக்காலத்தில் எழுந்தது, அதனை எழுதியவர் யார், முன்னைய நூல்களினின்றும் அது எவ்வகையில் வேறுபட்டது என்ற வினாக்களுக்கு விடை கண்டதும் வரலாற்றாசிரியரின் பணி முடிந்துவிடுகின்றது. அந்நூலைப் படித்தவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 1967 ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் றொபேட் யவுஸ் நிகழ்த்திய உரையின் பின்னரே வாசகனின் எதிர்பார்ப்பும் இலக்கிய வரலாற்றின் ஒரு கூறு என்னும் கருத்து பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது.

வாசகனின் எதிர்பார்ப்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம், சமுதாயம் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்திய ஒருவன் கதையின் நடுவே வந்து நிற்கும் இடமாகும். வாழ்க்கையில் வாசகன் யாரைத் தீண்ட மறுக்கின்றானோ, யாரைத் தன் முற்றத்துக்கு அப்பால் நிறுத்துகின்றானோ, அவனைக் கதையிலே தன் உள்ளத்துக்குள் அழைக்க வேண்டியவனாகின்றான். இவ்வழைப்பை வெவ்வேறு நாட்டு வாசகர் எவ்வாறு ஏற்றனர் என்பதைச் சில சான்றுகள் கொண்டு ஆராய்ந்து, அவ்வொளியில் ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் அனுபவத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேச்சிழந்த பாத்திரம்

மேரி ஷெல்லி 1818 ஆம் ஆண்டு தம் பெயரைக் குறிப்பிடாது வெளியிட்ட ‘பிராங்கென்ஸ்ரைன்’ நாவலிலே, விஞ்ஞானி ஒருவனால் ஆக்கப்பட்ட உயிர் அதன் தோற்றம் காரணமாக எல்லோராலும் துரத்தப்படுகின்றது. ஆக்கியவனே அதற்கு ஒரு பெயரிடாது ஓடிவிடுகின்றான். ஆயினும் அது மொழியைக் கற்கின்றது. மில்ரனின் காவியத்தைப் படிக்கின்றது. தன்னை ஆக்கியவன் முன் நின்று தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கின்றது. நாவலின் நடுப்பகுதி அதன் வாய்மொழியாகவே அமைந்துள்ளது. தான் பிறப்பால் தீயதன்று, புறக்கணிப்பே தன்னைத் தீயதாக்கிற்று என்பது அதன் வாதமாகும்.

இவ்வாதம் பொதுமக்களைச் சென்றடைந்த முறை கவனிக்கத்தக்கது. 1823 இல் இலண்டன் அரங்கொன்றில் இக்கதை முதன்முறையாக நாடகமாக்கப்பட்டபோது அவ்வுயிர் ஊமையாக்கப்பட்டது. நடிகர் மேனியசைவால் மாத்திரமே அதனைச் சித்திரித்தார். 1931 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற திரைப்படத்திலும் அது சொற்களைப் பேசவில்லை. 1824 இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் நிலை பற்றிய விவாதம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நடைபெற்றபோது, வெளிநாட்டமைச்சர் ஜோர்ஜ் கனிங், அடிமைகளை விரைவில் விடுவிப்பது இக்கதையின் உயிரை உலகில் உலவவிடுவதை ஒக்கும் என்ற கருத்தில் இந்நாவலைச் சுட்டிப் பேசினார். புறக்கணிப்பின் கொடுமையைக் காட்ட எழுந்த ஒரு கதை, ஆறே ஆண்டுகளில், புறக்கணிப்பை நீடிப்பதற்கான உவமையாகிவிட்டது. பேசும் உரிமை பறிக்கப்பட்ட பாத்திரத்தை எவரும் எப்பொருளுக்கும் பயன்படுத்தலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. கண்ணீரின் ஆற்றலும் எல்லையும்

ஹரியற் பீச்சர் ஸ்ரோ எழுதிய ‘ரொம் மாமாவின் குடிசை’ 1851 ஜூன் தொடக்கம் பத்திரிகையிலே தொடராக வந்து, 1852 மார்ச்சில் நூலுருப் பெற்றது. முதலாண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. அடிமை முறைக்கு எதிரான உணர்வை வட மாநிலங்களின் இல்லந்தோறும் கொண்டு சென்றதில் இந்நாவலுக்குப் பெரும் பங்குண்டு. தென் மாநிலத்தவர் இதனை வெறுத்தமையும், மறுப்பு நாவல்கள் பலவற்றை எழுதி வெளியிட்டமையும் அதன் ஆற்றலுக்குச் சான்றாகும். எனவே வாசகரின் இரக்கத்தைப் பயனற்றதென ஒதுக்கிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆனால் அவ்விரக்கம் யாருக்குக் கிட்டியது என்பதை நோக்க வேண்டும். நாவலில் அடிமைகள் இருவர் எதிரெதிராக வைக்கப்பட்டுள்ளனர். ரொம் பொறுமையின் வடிவமானவன். தப்பியோடிய பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து, அடியுண்டு, தன்னை அடித்தவர்களை மன்னித்து இறக்கின்றான். ஜோர்ஜ் ஹரிஸ் ஆயுதம் ஏந்தித் தன் குடும்பத்தைக் காத்துக் கனடாவுக்குத் தப்புகின்றான். வாசகர் நெஞ்சில் நின்றவன் ரொம் ஆவான். ஜோர்ஜுக்கோ, ஆசிரியையே அமெரிக்க மண்ணில் இடமளியாது, இறுதியில் ஆபிரிக்காவின் லைபீரியாவுக்கு அவனை அனுப்பிவிடுகின்றார். இறந்தவனுக்குக் கண்ணீரும் எதிர்த்தவனுக்குக் கப்பலும் கிடைத்தன எனலாம். பின்னர் மேடைநாடகங்கள், இளங்குழந்தைகளின் தந்தையாக நாவலில் வரும் ரொம்மைக் கூனிக் குழையும் கிழவனாக்கின. இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின மக்களிடையே அப்பெயர் அடிவருடியைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது.

இவ்வரலாற்றை நன்குணர்ந்தவர் றிச்சட் றைற். 1938 இல் வெளிவந்த தம் கதைத்தொகுதியைப் படித்தோர் அழுது மனநிறைவு பெற்றதைக் கண்ட அவர், அடுத்த நூலைக் கண்ணீரின் ஆறுதல் கிட்டாத வகையில் எழுத உறுதி பூண்டதாகப் பின்னர் கூறியுள்ளார். 1940 இல் வந்த ‘நேற்றிவ் சன்’ நாவலின் நாயகன் பிகர் தோமஸ் கொலை செய்கின்றான்; இரக்கத்தை வேண்டுவதில்லை. மூன்று வாரங்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான அந்நாவலின் சில பகுதிகள், அதனைத் தெரிவுசெய்த நூற்கழகத்தின் விருப்புக்கேற்ப நீக்கப்பட்டே வெளிவந்தன. முழுவடிவம் 1991 ஆம் ஆண்டிலேயே வாசகரை அடைந்தது. 1949 இல் ஜேம்ஸ் போல்ட்வின், ரொம்மும் பிகரும் ஒரே அச்சின் இரு பக்கங்களே என வாதிட்டார். ஒருவன் தேவனாகவும் மற்றவன் விலங்காகவும் காட்டப்பட, இருவரும் சாதாரண மனிதராகக் காட்டப்படவில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரமாகும்.

3. நந்தனும் தமிழ் வாசகரும்

தமிழரைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஏற்ற சான்றாக விளங்குவது நந்தன் கதையாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில், ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த நந்தனார், கோயில்களுக்குத் தோலும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கின்றார். தில்லை செல்ல விரும்பி, நாளை நாளை என நாள் கழிக்கின்றார். ஈற்றில் எரியில் மூழ்கி, முந்நூல் விளங்கும் மறைமுனிவராக எழுந்த பின்னரே தில்லைக் கோயிலினுள் நுழைகின்றார். அவரைத் தடுத்தது சாதி விதி. ஆனால் கதையில் அவரைத் தடுத்த மனிதன் ஒருவனும் இல்லை.

அம்மனிதனைக் கதைக்குள் கொணர்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1861 இல் அச்சேறிய அவரது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலே, நிலவுடைமையாளராகிய வேதியர் ஒருவர் தோன்றுகின்றார். தில்லை செல்ல விடை வேண்டி நிற்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கின்றார். புராணத்தில் அருவமாக நின்ற தடை, கீர்த்தனையில் பண்ணையடிமை முறையாக உருவம் கொள்கின்றது. கதாகாலட்சேப மேடைகளில் இக்கீர்த்தனை பெரும் செல்வாக்குப் பெற்றது. 1935 இலும் 1942 இலும் திரைப்படங்களாகவும் வந்தது. நந்தன் வேண்டும்போது அவை அழுதது. வேதியர் இறுதியில் நந்தன் காலில் வீழ்ந்தபோது அவை நெகிழ்ந்தது.

அக்காலக் கற்றோர் இந்நூலை எதிர்கொண்ட முறையும் நோக்கத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் மலிந்துள்ளன என்பதனால் முதலில் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினாரென்றும், பின்னர் பாரதியார் பாடக் கேட்டு உருகி அதனை அளித்தாரென்றும் உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். ஒதுக்கப்பட்டவன் கதைக்குப் புலமையுலகம் எழுப்பிய முதற்றடை மொழி பற்றியதாக இருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அது பின்னர் நம் நாட்டிலும் எழுந்தது.

1934 இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘புதிய நந்தன்’ என்னும் சிறுகதை இக்கண்ணீர் மரபைக் குலைக்கின்றது. ஆதனூரின் முதிய கருப்பனும், சுயமரியாதை இயக்கம் சார்ந்த அவன் மகனும், காந்திய நெறி நின்ற நிலவுடைமையாளரின் மகனும் புகைவண்டியின் கீழ் ஒருங்கே மடிகின்றனர். பழைய நந்தன் எரியிலிருந்து எழுந்தான்; புதிய நந்தன் எழவில்லை. வாசகன் நிம்மதியோடு கைகூப்பத்தக்க முடிவு அவனுக்கு மறுக்கப்பட்டுவிட்டது.

4. ஈழத்து அனுபவம்

ஈழத்துச் சைவ உலகிற்குப் பெரியபுராணம் புதியதன்று. 1852 இல் ஆறுமுக நாவலர் அதனை வசனமாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் நெடுங்காலமாக நிலைபெற்ற வழக்கமாகும். ஒருவர் பாட்டை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன்சொல்ல, கூடியிருந்தோர் கேட்டு உருகுவர். திருநாளைப்போவார் புராணமும் அவ்வாறே படிக்கப்பட்டது. ஆனால் அதே கோயில்கள் பலவற்றின் வாயில்கள், நந்தனார் பிறந்த குலத்தவர்க்கும் அவரையொத்த பிற குலத்தவர்க்கும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அடைக்கப்பட்டிருந்தன. நந்தனுக்காக நெகிழ்ந்த உள்ளம், நந்தனின் வழித்தோன்றல் வெளியே நிற்பதனை ஒரு முரண்பாடாக உணரவில்லை. பாத்திரத்தின்மீது கொள்ளும் இரக்கம் தானாகவே மனிதன்மீது படர்ந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் மறுப்பு இதுவாகும்.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களில் எவரையும் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் சட்டத்தால் மாத்திரம் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968 ஆம் ஆண்டின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் அவற்றுக்கு வேண்டியிருந்தன. ஈழத்துப் புனைகதையில் ஒதுக்கப்பட்டோர் பாத்திரங்களாக மாத்திரமன்றிப் படைப்பாளிகளாகவும் மேலெழுந்த காலம் இதுவே.

சவரத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து, யாழ்நகரில் அத்தொழிலைச் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960 இல் வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. அறுபதுகளின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில், பேச்சுவழக்கைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்களின் நடை ‘இழிசனர் வழக்கு’ எனச் சாடப்பட்டது. பழைய இலக்கண உரைமரபுச் சொற்றொடர் ஒன்று சமகால நாவல் சிறுகதைகள்மீது ஏவப்பட்டமை தற்செயலானதன்று. பேச்சுவழக்கு அதற்கு முன்னரும் தமிழ்ப் புனைகதையில் இடம்பெற்றிருந்தது. வேலைக்காரர் வாயிலும் நகைச்சுவைப் பாத்திரங்கள் வாயிலும் அது வந்தபோது எவரும் மொழியின் தூய்மை கெட்டதென வருந்தியதாகத் தெரியவில்லை. அவ்வழக்கைப் பேசுபவன் கதையின் நாயகனாகித் தன் வாழ்வைக் கூறத் தொடங்கியபோதே அது பூசலாயிற்று. பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இவ்வெழுத்தாளர் பக்கம் நின்று வாதிட்டமை பல்கலைக்கழகத் தமிழியலின் வரலாற்றிலும் முக்கியமானதாகும்.

செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ 1965 இல் சாதிக் கொடுமையை நாவலின் மையப்பொருளாக்கிற்று. 1972 இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ மேலும் ஒருபடி சென்றது. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்னும் ஐங்குலத்தாரின் போராட்டமே அந்நாவல். ஆசிரியர் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். களத்தில் நின்றவரே கதையும் சொன்னார். இங்கு வாசகன் இரங்குவதற்குத் தனித்து நிற்கும் நந்தன் இல்லை. பலர் சேர்ந்து உரிமை கேட்கின்றனர். அடிக்கு அடி திருப்புகின்றனர். இரக்கத்தை எதிர்பாராத பாத்திரங்களைக் கண்ட வாசகரிற் பலர், நாவலின் கலைத்தன்மை பற்றி வினாவத் தொடங்கினர். நிகழ்ச்சிகளின் அடுக்கு, பிரசாரம், பாத்திரங்கள் முழுமை பெறாமை என்பன அவர்கள் கூறிய குறைகளாகும்.

இக்குறைகளைக் கூறியோர் அனைவரையும் சாதிப் பற்றாளரெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. முற்போக்கு இலக்கியக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த மு. தளையசிங்கம், 1971 இல் புங்குடுதீவுக் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்டோர் நீரள்ளும் உரிமைக்காகப் போராடிப் பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானவர். இலக்கியக் கருத்து வேறு, கிணற்றடியில் ஒருவர் எடுக்கும் நிலை வேறு என்பதற்கு அவர் வாழ்வே சான்று. டானியலின் நாவல்களில் கட்டுக்கோப்புத் தளரும் இடங்கள் உண்டென்பதையும் மறுக்கவியலாது. ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு: மேற்குடி வாழ்வைச் சித்திரிக்கும் நாவலொன்றில் இதே தளர்ச்சி காணப்படின், அது அந்நாவலைத் தள்ளுவதற்குப் போதிய காரணமாகக் கொள்ளப்பட்டதா? ஒரே அளவுகோல் இரு பக்கமும் வைக்கப்படின் அது விமர்சனம். ஒரு பக்கம் மாத்திரம் வைக்கப்படின், அதுவும் ஒரு வகை வாயிற்கதவேயாகும்.

டானியல் தொடர்ந்து ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’ முதலிய நாவல்களை எழுதினார். மதமாற்றமும் சாதியைக் கரைக்கவில்லை என்பதைக் ‘கானல்’ காட்டிற்று. 1986 இல் தஞ்சாவூரில் அவர் காலமானார். நீர் உரிமையைப் பொருளாகக் கொண்ட ‘தண்ணீர்’ அவர் மறைவின் பின்னர் 1987 இல் வெளிவந்தது. தொண்ணூறுகளில் தமிழகத்தில் தலித் இலக்கியம் ஓர் இயக்கமாக வளர்ந்தபோது, டானியலை அதன் முன்னோடியாக அவ்வாசகர்கள் கண்டுகொண்டனர். முன்னர் பிரசாரமென எண்ணப்பட்ட பக்கங்கள் இவர்களுக்கு ஆவணமாகவும் உறவாகவும் தோன்றின. நூல் மாறவில்லை, அதனைக் கையிலெடுத்தோர் மாறினர். ஒதுக்கப்பட்டவனே வாசகனாகும்போது ‘வாசகன்’ என்ற சொல்லின் பொருளே விரிவடைகின்றது. இதுவரை நாம் கண்ட இரக்கம், அச்சம், சினம் ஆகியவை யாவும் வெளியேயிருந்து நோக்குபவனின் உணர்ச்சிகள். தன் வாழ்வை அச்சிலே முதன்முறை காண்பவனின் உணர்ச்சி அவற்றுள் எதிலும் அடங்காது.

5. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில பொதுவியல்புகள் புலப்படுகின்றன. ஒதுக்கப்பட்ட பாத்திரம் துன்புறும்வரை வாசகர் அதனை ஏற்பர். அது மன்னித்து இறந்தால் போற்றவும் செய்வர். அது தன் மொழியிலே பேசத் தொடங்கும்போது மொழி பற்றிய முறைப்பாடு எழுகின்றது. அது உரிமை கோரும்போது கலைபற்றிய முறைப்பாடு எழுகின்றது. அரங்கிலே ஊமையாக்கப்பட்ட உயிரும், கிழவனாக்கப்பட்ட ரொம்மும், எரியில் மூழ்கிய பின்னரே ஏற்கப்பட்ட நந்தனும் ஒரே வரலாற்றின் வெவ்வேறு அத்தியாயங்களாவர்.

எனினும் இவ்வரலாறு நம்பிக்கையின்மைக்கு இடமளிப்பதன்று. ஸ்ரோவின் வாசகர் சிந்திய கண்ணீர் ஓர் அரசியற் சக்தியாயிற்று. பாரதியார் சேக்கிழாரை மாற்றிச் சொன்னார். புதுமைப்பித்தன் பாரதியாரை மாற்றிச் சொன்னார். ஒவ்வொரு மாற்றமும் முன்னைய வாசகன் தவிர்த்த வினாவொன்றை அடுத்த வாசகன் முன் வைத்தது. அவ்வினாவுக்கு நூலினுள் விடை தேடுவதோடு நாம் அமைந்துவிட்டால், புராணபடனம் கேட்டு உருகிப் பின் வாயிலை அடைத்தோரினும் நாம் வேறுபட்டவரல்லர். இன்று சாதி, தேநீர்க்கடைக் குவளையிலிருந்து அகன்றிருக்கலாம். மணப்பேச்சிலும் கோயில் நிருவாகத்திலும் அது அகன்றுவிட்டதென எவரும் துணிந்து கூறார். ‘பஞ்சமர்’ நாவலைப் பரீட்சைக்காகப் படித்து அதன் பாத்திரப்படைப்புப் பற்றி விடையெழுதும் மாணவன், அந்நாவல் தன்னிடமே எழுப்பும் வினாவுக்கும் ஒருநாள் விடை கூறவேண்டியவனாவான். அவ்விடை நூலகத்திலன்றி, வீட்டிலும் ஊரிலும் கூறப்பட வேண்டியதாகும்.